வைஃபை டாங்கிள் செருகினால் சிடி டிரைவ் வருகிறது! இதற்குள் என்னதான் நடக்கிறது?

மாடிப்போர்ஷன் கேட்டது:

வணக்கம். இதுவரை இங்கே வேடிக்கை பார்த்ததோடு சரி, இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறேன். அரிச்சுவடிக் கேள்வியாக இருந்தால் திட்டாதீர்கள்.

வீட்டில் பழைய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10, போர்டில் வைஃபை கிடையாது. ரவுட்டர் கீழே ஹாலில், கணினி மாடி அறையில். கேபிள் இழுக்கலாம் என்றால் வாடகை வீடு, காலண்டர் மாட்ட ஆணி அடித்ததற்கே வீட்டுக்காரர் ஒரு வாரம் பேசவில்லை, சுவரில் துளை போடுவதைப் பற்றி வாயே திறக்க முடியாது. அதனால் 400 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிவந்தேன். கட்டைவிரல் நகம் அளவுதான். டப்பாவில் பெரிதாக 150 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கிறது (டாக்டர் படிப்பு இல்லை, நொடிக்கு இத்தனை மெகாபிட் என்கிற வேகம்).

வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன், செய்கிறது. ஆனால் சில விஷயங்கள் மண்டையைக் குடைகின்றன. முதலில், செருகியதும் மை கம்ப்யூட்டரில் ஒரு சிடி டிரைவ் முளைக்கிறது. என் கணினியில் சிடி டிரைவே கிடையாது, கழற்றி நாலு வருஷம் ஆகிறது! கொஞ்ச நேரத்தில் அது காணாமல் போய் வைஃபை வருகிறது. தினமும் கணினியைப் போடும்போதெல்லாம் இதே கூத்து. அடுத்து, இது வெறும் ஆன்டெனாதானே, ஆன்டெனாவுக்கு எதற்கு டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்)? கடைசியாக, எங்கள் வீட்டுப் பிளான் 100, ஆனால் இதில் 25க்கு மேல் ஏறவே இல்லை. அதே மேசையில் வைத்தால் என் போனில் 60 வருகிறது. அந்த 150 எங்கேதான் போனது?

டாங்கிள் கணினியின் பின்பக்கம் இருக்கிறது, கணினி மேசைக்குக் கீழே சுவரோரம். பக்கத்து போர்ட்டில் எப்போதும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க் செருகியிருக்கும். அது நீல நிற போர்ட், டாங்கிள் இருப்பது கறுப்பு.


காப்பர்கம்பி எழுதியது:

சிடி டிரைவிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அது புரிந்தால் டிரைவர் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே வந்துவிடும்.

யூஎஸ்பியில் செருகிய எதுவும் தானாக வாய் திறக்காது. வகுப்பில் வாத்தியார் பெயரைக் கூப்பிட்டால்தானே "உள்ளேன் ஐயா" என்போம், அதே கதைதான். செருகியதும் கணினி "யார் நீ" என்று கேட்கும். டாங்கிள் இரண்டு எண்களைச் சொல்லும், ஒன்று தயாரிப்பாளருக்கு உரியது, இன்னொன்று அந்தப் பொருளுக்கு உரியது. கூடவே தான் எந்த வகைச் சாதனம், எவ்வளவு கரண்ட் வேண்டும் என்பதையும் சொல்லும் (யூஎஸ்பி 2.0 போர்ட்டில் 500 மில்லியாம்ப் வரை கேட்கலாம்). இப்போது விண்டோஸ் தன்னிடம் உள்ள பட்டியலைப் புரட்டி, இந்த எண்ணுக்கு ஏற்ற டிரைவர் இருக்கிறதா என்று பார்க்கும்.

கீபோர்டு, மவுஸ், பென்டிரைவ் எல்லாம் பொதுவான வகைக்குள் அடங்கிவிடும், யார் செய்த பென்டிரைவாக இருந்தாலும் ஒரே டிரைவர் போதும். வைஃபைக்கு அப்படி ஒரு பொது வகை யூஎஸ்பியில் இல்லை. ஒவ்வொரு சிப்புக்கும் அதற்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். புதுக் கணினியில் அந்த டிரைவர் பல சமயம் இருக்காது, நெட்டிலிருந்து இறக்கலாம் என்றால் நெட்டுக்காகத்தானே டாங்கிளே வாங்கினோம்! கிணற்றுக்குள் விழுந்த கயிற்றை எடுக்க அதே கயிறு வேண்டும் என்கிற கதை.

இதற்குத்தான் அந்தத் தந்திரம். டாங்கிளுக்குள் ஒரு சிறிய நினைவகத்தில் டிரைவரை வைத்துவிட்டு, முதலில் "நான் ஒரு சிடி டிரைவ்" என்று பொய்ப் பெயர் சொல்லிக்கொண்டு உள்ளே வரும். சிடி டிரைவ் பொது வகை என்பதால் விண்டோஸ் சந்தேகப்படாமல் திறந்துவிடும், நீங்கள் அதிலிருந்து டிரைவரை நிறுவிக்கொள்ளலாம். நிறுவியபின், கணினியைப் போடும்போதெல்லாம் அந்த மென்பொருள் "சிடியை வெளியே தள்ளு" என்று ஒரு கட்டளை அனுப்பும். சிடியே இல்லாததால் டாங்கிள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும், இணைப்பைத் தானே துண்டித்துக்கொண்டு வேறு எண்ணோடு மறுபடி உள்ளே வரும். இந்த முறை உண்மையான பெயர், வைஃபை கார்டு. நீங்கள் பார்க்கும் கூத்து இதுதான், கோளாறு இல்லை. பழைய 3ஜி நெட் டாங்கிள்கள் வைத்திருந்தவர்களுக்கு இது பழகிய நாடகம். லினக்ஸில் இதே வேலையைச் செய்ய யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்றே ஒரு கருவி உண்டு.

இன்னொரு விஷயம். பெரும்பாலான மலிவு டாங்கிள்களில் சிப்பின் உள்ளே ஓடும் நிரல், அதாவது ஃபர்ம்வேர், நிரந்தரமாக இருக்காது. கரண்ட் போனால் எல்லாம் மறந்துவிடும். டிரைவர்தான் ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பைக் கணினியிலிருந்து சிப்பின் நினைவகத்துக்கு ஏற்றுகிறது. மீடியாடெக் 7601, ஏதெராஸ் 9271 என்கிற சிப்கள் இரண்டும் இந்த ரகம். அந்த சிடி வேஷத்துக்கான டிரைவரைத் தவிர, டாங்கிளில் நிரந்தரமாக எரித்து வைத்திருப்பது முக்கியமாக அதன் மேக் முகவரி (நெட்வொர்க்கில் அதற்கென்று உள்ள அடையாள எண்), அப்புறம் தொழிற்சாலையில் அளந்து பதித்த அலைபரப்பு சக்தியின் அளவுத் திருத்தம், அவ்வளவுதான். ஆக, நீங்கள் வாங்கியது ஆன்டெனா இல்லை, தினமும் காலையில் பாடம் சொல்லிக்கொடுத்தால்தான் வேலை செய்கிற ஒரு குட்டிக் கணினி.

வேகத்துக்குக் காரணம் யூஎஸ்பி 2.0ஆகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நீல போர்ட் என்றால் யூஎஸ்பி 3.0, அதில் மாற்றிச் செருகிப் பாருங்கள்.


சும்மாஒருத்தன் எழுதியது:

இவ்வளவு எதற்கு? போனை வைஃபையில் போட்டு, கேபிளில் கணினியோடு இணைத்து, யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு போன் அந்த வைஃபையையே கணினிக்குக் கொடுக்கும். 400 ரூபாய் மிச்சம்.


மாடிப்போர்ஷன் எழுதியது:

@சும்மாஒருத்தன் அட, செய்து பார்த்தேன், கணினியில் 55 வருகிறது! ஆனால் போனை நாள் முழுக்க அங்கேயே கட்டிப்போட முடியாதே, அம்மா கீழே இருந்து வாட்ஸப்பில் சாப்பிடக் கூப்பிடுவார்.

@காப்பர்கம்பி அருமையாகச் சொன்னீர்கள், நன்றி. நீல போர்ட்டில், ஹார்டு டிஸ்க்குக்கு ஒட்டினாற்போல, செருகிப் பார்த்தேன். 25 இருந்தது 14 ஆகிவிட்டது. இது என்ன கணக்கு?


ரேடியோபெட்டி எழுதியது:

தம்பி, அதை முதலில் அங்கிருந்து பிடுங்குங்கள், விவரம் பிறகு. காப்பர்கம்பி சிடி டிரைவ் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி, போர்ட் விஷயத்தில்தான் சறுக்கிவிட்டார்.

யூஎஸ்பி 2.0 ஒரு நொடிக்கு 480 மெகாபிட் போகிற பாதை. நடைமுறையில் 300 கிட்டப் போனாலும், 150க்கு மேல் கொடுக்கவே முடியாத டாங்கிளுக்கு அது தாராளம். உங்கள் டாங்கிளே 2.0 சாதனம், அதை நீல போர்ட்டில் செருகினாலும் 2.0 ஆகத்தான் ஓடும். லாபம் பூஜ்யம். நஷ்டம் உண்டு. யூஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் சிக்னலை ஓட்டும்போது கேபிளிலிருந்தும் போர்ட்டிலிருந்தும் இரைச்சல் கசியும், அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் பரவிக் கிடக்கும். உங்கள் வைஃபை உட்கார்ந்திருப்பதும் அதே இடம். இன்டெல் நிறுவனமே 2012ல் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை போட்டிருக்கிறது. வயர்லெஸ் மவுஸ் திடீரென்று திக்கித் திக்கி ஓடினால், பக்கத்தில் வெளி ஹார்டு டிஸ்க் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

எவ்வளவு சின்ன சத்தத்தை இந்த டாங்கிள் கேட்க வேண்டியிருக்கிறது என்று யோசியுங்கள். ரவுட்டர் 100 மில்லிவாட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கான்கிரீட் தளத்தைத் தாண்டி உங்கள் மேசைக்குக் கீழே வரும்போது மைனஸ் 70 டிபிஎம் (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு) என்றால், வந்து சேர்வது அனுப்பியதில் நூறு கோடியில் ஒரு பங்கு. திருவிழாக் கூட்டத்தில் யாரோ காதோரம் கிசுகிசுப்பதைக் கேட்கிற மாதிரி, அதற்கு நடுவில் ஹார்டு டிஸ்க் மேளம் அடித்தால் என்ன ஆகும்?

நான் டிவி, ரேடியோ ரிப்பேர் பார்த்தே காலம் தள்ளியவன். எனக்கு இந்த டாங்கிள் புரிந்தது பழைய டியூனரை வைத்துத்தான். ஆன்டெனாவில் வருகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை, உள்ளே ஒரு கிரிஸ்டலை ஆதாரமாக வைத்து உண்டாக்கிய அதே அதிர்வெண் அலையோடு கலந்து கீழே இறக்குகிறார்கள். இறங்கியதை எண்களாக மாற்றுகிறார்கள். இதுவரை டியூனர்தான். அதற்குமேல்தான் புதுசு. ஒரு 20 மெகாஹெர்ட்ஸ் சேனலை 312.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் குட்டிக் குட்டி அலைகளாகப் பிரித்து, 52 அலைகளில் ஒரே நேரத்தில் தகவல் ஏற்றுகிறார்கள். 52 ரேடியோ ஸ்டேஷனை ஒரே நேரத்தில் கேட்டு எழுதுகிற மாதிரி. வாங்கும் பக்கம் கணக்குப் போட்டு அதையெல்லாம் பிரித்தெடுக்கிறது, ஒரு தடவைக்கு ஆகிற நேரம் 3.6 மைக்ரோ நொடி.

அந்த 150 இதிலிருந்துதான் வருகிறது, டப்பா பொய் சொல்லவில்லை, முழு உண்மையையும் சொல்லவில்லை. 40 மெகாஹெர்ட்ஸ் சேனல் என்றால் 108 அலைகள். அலைக்கு 6 பிட், அதில் ஆறில் ஒரு பங்கு பிழை திருத்தத்துக்குப் போக 540 பிட். 3.6 மைக்ரோ நொடிக்கு 540 பிட் என்றால் நொடிக்கு 150 மெகாபிட். ஆனால் அக்கம்பக்கத்தில் நாலு வைஃபை இருந்தால் பெரும்பாலான ரவுட்டர்கள் 20 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், அப்போது 260 பிட், அதாவது 72. சிக்னல் மங்கலாக இருந்தால் அலைக்கு 6 பிட் ஏற்றினால் புரியாது, 4 பிட் என்று குறைத்து, பிழை திருத்தத்துக்கும் கால் பங்கு ஒதுக்குவார்கள். அது 43. அப்புறம் வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், பேசுவதற்கு முன் காத்திருக்க வேண்டும், பேசி முடித்தால் பதில் வர வேண்டும், அதிலேயே கிட்டத்தட்ட பாதி போய்விடும். 43ல் பாதிக்குக் கொஞ்சம் மேலே, உங்கள் 25. விண்டோஸில் நெட்வொர்க் செட்டிங்ஸில் இணைப்பு வேகம் என்று ஒன்று காட்டும், பாருங்கள், 43 என்று இருந்தால் என் கணக்கு சரி.

பதில் வர வேண்டும் என்றேனே, அந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாம் கதை சொல்லும்போது கேட்கிறவர் "உம்" கொட்டிக்கொண்டே இருப்பார் இல்லையா, உம் வராவிட்டால் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். வைஃபையும் அப்படித்தான். ரவுட்டர் ஒன்றை அனுப்பி முடித்த 10 மைக்ரோ நொடியில் டாங்கிள் உம் கொட்ட ஆரம்பித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரவுட்டர் அதே விஷயத்தைத் திரும்ப அனுப்பும். யூஎஸ்பி 2.0வில் வாத்தியார், அதாவது கணினி, மணியடிப்பதே 125 மைக்ரோ நொடிக்கு ஒருமுறைதான். கணினியைக் கேட்டுவிட்டு உம் கொட்டலாம் என்றால் காலம் கடந்துவிடும். அதனால் உம் கொட்டுவது, வராவிட்டால் திரும்ப அனுப்புவது, காற்றில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருப்பது, இதெல்லாம் சிப் தானே செய்துகொள்கிறது, கணினிக்குத் தெரியவே தெரியாது. சரியாக வந்து சேர்ந்ததை மட்டும் தன் நினைவகத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு, கணினி "ஏதாவது இருக்கிறதா" என்று கேட்கும்போது 512 பைட் பொட்டலங்களாக எடுத்துக் கொடுக்கும். இல்லாவிட்டால் "ஒன்றும் இல்லை ஐயா".

போனில் ஏன் 60 என்றால், இப்போது வருகிற போன்களில் பலவற்றில் இரண்டு ஆன்டெனா இருக்கும், 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கும். உங்கள் டாங்கிளில் ஒரே ஒரு ஆன்டெனா. அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் அலை நீளம் 12 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே, கால் அலைக்கே 3 சென்டிமீட்டர் வேண்டும். போர்ட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற நகம் அளவு இடத்தில் அதைக் கோலம் மாதிரி வளைத்து வளைத்து போர்டிலேயே அச்சடித்திருப்பார்கள். பின்னால் தகரப் பெட்டி, முன்னால் சுவர். பாவம், அது 25 கொடுப்பதே பெரிய விஷயம்.

ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு கேபிள் வாங்குங்கள், ஒன்றரை மீட்டர் போதும். கறுப்பு போர்ட்டில் செருகி, டாங்கிளை மேசைக்கு மேலே கொண்டுவாருங்கள். ரொம்ப நீளமாகவும் மெல்லிசாகவும் வாங்கினால் வோல்டேஜ் குறைந்து டாங்கிள் அடிக்கடி விழுந்து எழும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.


நெட்டிலிங்கம் எழுதியது:

நடுவில் ஒரு சந்தேகம். அப்படியென்றால் வைஃபை பாஸ்வேர்டு டாங்கிளுக்குள்ளேயே பதிந்துவிடுமா? நான் ஆபீஸில் ஒருவருக்கு டாங்கிளை இரவல் கொடுத்திருக்கிறேன்.


காப்பர்கம்பி எழுதியது:

பதியாது, பயப்படாதீர்கள். வேலைப் பங்கீடு இப்படி: பாஸ்வேர்டு விஷயம் கணினியின் பொறுப்பு. டபிள்யூபிஏ2 (வைஃபையின் பூட்டு முறை) என்றால் உங்கள் பாஸ்வேர்டையும் நெட்வொர்க்கின் பெயரையும் சேர்த்து 4096 சுற்று அரைத்து ஒரு சாவி செய்வது கணினியின் ப்ராசசர். பிறகு ரவுட்டரோடு நான்கு செய்திகள் பரிமாறிக்கொண்டு அந்த அமர்வுக்கான சாவியை உருவாக்குவதும் கணினிதான். அந்தத் தற்காலிகச் சாவியை மட்டும் சிப்பிடம் கொடுக்கும், ஒவ்வொரு பொட்டலத்தையும் பூட்டித் திறக்கிற ஓயாத வேலையைச் சிப்பில் உள்ள தனிச் சுற்று பார்த்துக்கொள்ளும். டாங்கிளைப் பிடுங்கினால் அதுவும் போயிற்று. பாஸ்வேர்டு விண்டோஸில்தான் சேமித்திருக்கும். ஆக நீங்கள் கவலைப்பட வேண்டியது இரவல் போன டாங்கிள் திரும்பி வருமா என்பதைப் பற்றி மட்டும்.

@ரேடியோபெட்டி அண்ணே, நீல போர்ட் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பென்டிரைவ் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

அப்புறம், மேலே டெதரிங் பேச்சு வந்ததே, அதிலும் ஒரு சுவாரசியம் இருக்கிறது. அப்போது போன்தான் வைஃபை அடாப்டர். ரேடியோ, பாஸ்வேர்டு, உம் கொட்டுவது எல்லாமே போனுக்குள் முடிந்துவிடுகிறது, கணினிக்கு அது ஒரு சாதாரண வயர் நெட்வொர்க் கார்டாகத்தான் தெரியும். அந்த வகைக்கு விண்டோஸிலேயே டிரைவர் இருப்பதால் சிடி நாடகமும் தேவைப்படவில்லை.


மாடிப்போர்ஷன் எழுதியது:

நேற்று கேபிள் வாங்கினேன், 120 ரூபாய். முதலில் எதையும் அசைக்காமல் பார்த்தேன்: இணைப்பு வேகம் 43, ரேடியோபெட்டி ஐயா சொன்னது அச்சு அசலாக! சிக்னல் 58 சதவீதம். ஹார்டு டிஸ்க்கைப் பிடுங்கியதும் 64. பிறகு கேபிளில் மாட்டி, டாங்கிளை ஜன்னல் கம்பியில் கட்டினேன். அங்கே வைத்தால் 70தான். கம்பியை விட்டு ஒரு சாண் தள்ளி, துணிக் கிளிப்பால் திரைச்சீலையில் தொங்கவிட்டதும் 86. இணைப்பு வேகம் 72, டவுன்லோடு 44 முதல் 46. ஹார்டு டிஸ்க்கை மறுபடி செருகியபோதும் பெரிதாகக் குறையவில்லை.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கிற, ஏசி600 என்று போட்ட டாங்கிள் 800 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா?


ரேடியோபெட்டி எழுதியது:

இரும்புக் கம்பியில் கட்டியதும் நீங்களாகவே கண்டுபிடித்துவிட்டீர்கள், நல்லது.

ஏசி600 என்பது 600 இல்லை. 2.4ல் 150, 5ல் 433, இரண்டையும் கூட்டி 583, அதை ஏற்றி 600 என்று போடுகிறார்கள். ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் ஓடும். 433ம் 80 மெகாஹெர்ட்ஸ் சேனலில், சிக்னல் பளிச்சென்று இருந்தால்தான். 5 கிகாஹெர்ட்ஸில் கூட்டம் குறைவு, யூஎஸ்பி 3.0 இரைச்சலும் அங்கே தொல்லை கொடுக்காது. ஆனால் கான்கிரீட் தளம் அதை அதிகமாகத் தின்னும்.

காசு போடும் முன் ஒன்று செய்யுங்கள். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வையுங்கள், போனை அதில் மட்டும் இணைத்து, இப்போது டாங்கிள் தொங்குகிற அதே திரைச்சீலைக்குப் பக்கத்தில் பிடித்து வேகம் பாருங்கள். 80, 90 வந்தால் வாங்குங்கள். 50க்குக் கீழே என்றால் அந்த 800 ரூபாய்க்கு வேறு வழி பார்க்கலாம்.


மாடிப்போர்ஷன் எழுதியது:

பார்த்தேன். அறைக்குள் 92, கதவைச் சாத்தினால் 71. கதவைத் திறந்தே வைக்க வீட்டில் ஒப்புக்கொள்ள வேண்டும், கொசு. சம்பளம் வந்ததும் வாங்கிவிட்டு இங்கேயே எழுதுகிறேன். பழைய டாங்கிளை நெட்டிலிங்கத்துக்கு இரவல் தரத் தயார்.